தாய்வழி வந்த விலங்கு

1662ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவின் சட்டமன்றம் சிறியதொரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கிலேயருக்குக் கறுப்பினப் பெண்ணிடம் பிறக்கும் பிள்ளை அடிமையா இல்லையா என்று சிலருக்குச் சந்தேகம் எழுந்திருக்கிறது. ஆகவே இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைகள் அனைவரும் தாயின் நிலை எதுவோ அதன்படியே அடிமையாகவோ சுதந்திரமானவராகவோ கொள்ளப்படுவார்கள். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். அச்சில் ஐந்தாறு வரிகளைத் தாண்டாது.

அமெரிக்காவின் தொடக்க கால வரலாற்றை நீண்ட நாட்களாக விரும்பிப் படித்து வருகிறேன். நம் பள்ளிப் பாடத்தில் அந்த வரலாறு பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய தேயிலையில் ஆரம்பித்து, ஜார்ஜ் வாஷிங்டனைத் தொட்டுவிட்டு, ஒரே தாவலில் ஆபிரகாம் லிங்கனிடம் போய் நின்றுவிடும். அடிமை முறை என்பது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட கெட்ட வழக்கம், ஒரு நல்ல மனிதர் வந்து அதை ஒழித்தார் என்ற எண்ணம்தான் மாணவன் மனத்தில் தங்கும். அமெரிக்காவில் அது அப்படி வரவில்லை. பெயர் தெரிந்த மனிதர்கள் கூடிப் பேசி, தேதி போட்டு, ஒவ்வொரு சட்டமாக இயற்றி அதை உண்டாக்கினார்கள். அந்தச் சட்டங்களில் எது ஆணிவேர் என்று என்னைக் கேட்டால், 1662இன் இந்தச் சட்டத்தையே சொல்வேன். போர்களையும் தலைவர்களையும் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான் இந்தச் சட்டத்தைப் பின்தொடர்ந்து போக விரும்புகிறேன்.

ஆங்கிலேயர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறியது 1607இல். பட்டினியும் காய்ச்சலும் அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. ஜான் ரால்ஃப் என்பவர் புகையிலையைப் பயிரிட்டுக் காட்டிய பிறகுதான் அந்தக் குடியேற்றத்துக்குப் பிழைக்க வழி கிடைத்தது. பூர்வகுடிகளிடம் பறித்த நிலம் வேண்டிய மட்டும் இருந்தது. உழைக்க ஆள் போதவில்லை. இங்கிலாந்தின் ஏழை இளைஞர்கள் கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். கெடு முடிந்தால் அவர்கள் சுதந்திரமானவர்கள்.

1619 ஆகஸ்ட் கடைசியில் ஒயிட் லயன் என்ற ஆங்கிலேயக் கொள்ளைக் கப்பல் பாயிண்ட் கம்ஃபர்ட் முனையில் நங்கூரமிட்டது. அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து மெக்ஸிகோ நோக்கிப் போன போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றிலிருந்து பறித்த ஆப்பிரிக்கர்கள் அதில் இருந்தார்கள். 'இருபது சொச்சம் நீக்ரோக்கள்' என்று ரால்ஃப் லண்டனுக்கு எழுதினார். உணவுப் பொருட்களைக் கொடுத்து அவர்களை வாங்கிக்கொண்டார்கள். 1625இல் எடுத்த கணக்கில் ஒரு கேப்டனின் வீட்டாரோடு அந்தோணி, இசபெல்லா, ஞானஸ்நானம் பெற்ற அவர்கள் பிள்ளை வில்லியம் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. தந்தை, தாய், பிள்ளை மூவரும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறார்கள்.

அந்த முதல் நாற்பது ஆண்டுகளில் எதுவும் இன்னும் கெட்டிப்படவில்லை. 1621இல் வந்து சேர்ந்த அந்தோணி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர் பிற்பாடு விடுதலை பெற்று, 1651இல் 250 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளர் ஆனார். மறுபக்கம், 1640இல் மூன்று பணியாட்கள் சேர்ந்து தப்பியோடிப் பிடிபட்டபோது, ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாக நான்கு ஆண்டு வேலை, கறுப்பினத்தவரான ஜான் பஞ்சுக்கு மட்டும் ஆயுள் முழுக்க வேலை என்று நீதிமன்றம் தீர்த்தது. அது ஒரு வழக்கில் வந்த தீர்ப்பு. எல்லாருக்குமான சட்டம் அதுவரை இல்லை.

அந்த இடைவெளியில்தான் எலிசபெத் கீ வருகிறார். இந்தப் பெண்ணின் வழக்கைப் படித்ததிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. தந்தை தாமஸ் கீ, ஆங்கிலேயர், வர்ஜீனியா சட்டமன்ற உறுப்பினர். தாய் ஆப்பிரிக்கப் பெண். அவர் பெயர் ஆவணங்களில் இல்லை. 1636இல், எலிசபெத் சிறுமியாக இருக்கும்போதே, தாமஸ் கீ அவரை இன்னொரு பெரிய மனிதரிடம் ஒன்பது ஆண்டு வேலைக்கு ஒப்படைத்தார். பெற்ற பிள்ளையைப் போல வைத்துக்கொள்ள வேண்டும், கெடு முடிந்ததும் விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் பிறகு அவர் இறந்துபோனார். எலிசபெத் கைமாறி ஜான் மோட்ரம் என்ற நிலக்கிழாரிடம் போய்ச் சேர்ந்தார். ஒன்பது ஆண்டு முடிந்தது; விடுதலை வரவில்லை. 1655இல் மோட்ரம் இறந்தபோது அவருடைய சொத்தைக் கணக்கெடுத்தவர்கள் எலிசபெத்தையும் அவருடைய கைக்குழந்தையையும் அடிமைகள் என்று பட்டியலில் சேர்த்தார்கள்.

எலிசபெத் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடிய வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற ஆங்கிலேய இளைஞரே அந்தக் குழந்தையின் தந்தை. எலிசபெத்துக்குத் தந்தை யார் என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. ஏறக்குறைய எண்பது வயதான எலிசபெத் நியூமன் என்ற மூதாட்டி சாட்சி சொன்னார்: தாமஸ் கீதான் தந்தை என்பது வர்ஜீனியாவில் ஊரறிந்த சங்கதி, தன் கறுப்பினப் பணிப்பெண்ணைக் கர்ப்பமாக்கியதற்காக அவருக்கு நீதிமன்றத்தில் அபராதம்கூடப் போட்டார்கள். அந்த மூதாட்டி இருபது ஆண்டுக்கு முந்தைய அபராதத்தை நினைவில் வைத்திருந்தார். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த நினைவைத் தொற்றிக்கொண்டு நின்றது.

கீழ் நீதிமன்றம் எலிசபெத் சுதந்திரமானவர் என்றது. மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. விஷயம் சட்டமன்றம் வரை போனது. அங்கு அமைத்த குழு அவர் பக்கம் மூன்று காரணங்களைச் சொன்னது. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, சுதந்திரமான ஆணுக்குப் பிறந்த பிள்ளை சுதந்திரமானது. அவர் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். அவருக்குப் பேசிய கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கூடுதலாக உழைத்த காலத்துக்குத் தானியமும் துணியும் கொடுத்து ஈடு செய்ய வேண்டும் என்றும் குழு சொன்னது. 1656 ஜூலையில் எலிசபெத் விடுதலையானார். அதே மாதம் கிரின்ஸ்டெட்டை மணந்தார்.

ஆறு ஆண்டு கழித்து 1662இன் சட்டம் வருகிறது. எலிசபெத் கீ வெளியே வந்த கதவை அது அடைத்தது. இங்கிலாந்தில் பிள்ளையின் பெயர், குலம், சொத்துரிமை எல்லாம் தந்தையைப் பொறுத்தவை. தாயைப் பார்த்து உரிமையை முடிவு செய்வது ஆடுமாடுகளின் விஷயத்தில்: பசு எவனுடையதோ கன்றும் அவனுடையது. அந்த விதியை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் பணிப்பெண்களை வைத்திருந்த நிலக்கிழார்கள். தாங்கள் பெற்ற பிள்ளைக்குத் தாங்கள் தந்தை என்ற கடமை இல்லை, உரிமையாளர் என்ற ஆதாயம் மட்டும் உண்டு என்று அவர்களே சட்டம் எழுதிக்கொண்டார்கள். உலகில் அடிமை முறை பல நாடுகளில் இருந்திருக்கிறது. தந்தை தன் பிள்ளையை விற்றுக் காசாக்க இவ்வளவு சுத்தமாக வழி செய்து கொடுத்த சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றும் உடல் நடுங்குகிறது.

மற்றக் கதவுகளும் அடுத்தடுத்து அடைபட்டன. ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்றது 1667இன் சட்டம். தண்டிக்கும்போது அடிமை செத்துப்போனால் எஜமானர் மேல் குற்றமில்லை, தன் சொத்தைத் தானே அழிக்க எவனும் நினைக்க மாட்டான் என்றது 1669இன் சட்டம். 1691இல் வந்தது இன்னும் தெளிவானது. ஆங்கிலேயப் பெண்ணுக்குக் கறுப்பின ஆணிடம் குழந்தை பிறந்தால் ஒரு மாதத்துக்குள் அவள் 15 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். முடியாவிட்டால் ஐந்து ஆண்டு வேலைக்கு விற்கப்படுவாள். குழந்தை முப்பது வயது வரை கட்டுண்டு உழைக்க வேண்டும். தாய் வெள்ளையர் என்பதால் பிள்ளையை அடிமையாக்க முடியவில்லை. அதனால் வேறு விதமாகத் தண்டித்தார்கள். வெள்ளை ஆணுக்கு லாபமும் வெள்ளைப் பெண்ணுக்குத் தண்டனையும் கறுப்பினப் பெண்ணுக்கு ஆயுள் விலங்கும் ஒரே சட்டத் தொகுப்பிலிருந்து கிடைத்தன. 1676இல் ஏழை வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பேக்கன் என்பவரின் பின்னால் சேர்ந்து ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தியதைப் பல வரலாற்றாசிரியர்கள் திருப்புமுனையாகச் சொல்வார்கள். அந்தப் பயம் சட்டங்களைக் கடுமையாக்கியது உண்மை. ஆனால் அடித்தளம் அதற்குப் பதினான்கு ஆண்டு முன்பே போட்டாகிவிட்டது.

கப்பல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சோழமண்டலக் கரைக்கும் இதில் பங்கு உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பிய வணிகர்கள் கொடுத்த சரக்கில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பலேறிய துணி லண்டனுக்கும் பிரெஞ்சுத் துறைமுகங்களுக்கும் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது. கினிக் கரைக்குப் போகிற துணி என்பதால் வணிகர்கள் அதற்குக் கினித் துணி என்றே பெயர் வைத்தார்கள். தறியில் உட்கார்ந்து அதை நெய்தவர்களுக்கு அது எதற்கு ஈடாகப் போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும்; தெரிந்துகொண்டு இந்த வரலாற்றைப் படிப்பதே சரி.

நான்கு நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். அவர்களில் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருக்கும் நிலப்பரப்புக்கு நேராக வந்தவர்கள் சுமார் 3.9 லட்சம் பேர்தான். ஜமைக்காத் தீவுக்கு மட்டும் பத்து லட்சம் பேர் அளவுக்குக் கொண்டுபோனார்கள். கரும்புத் தோட்டங்கள் அவர்களைக் கொன்று தீர்த்ததால் 1834இல் விடுதலை வந்தபோது அங்கு எஞ்சியிருந்த அடிமைகள் சுமார் மூன்று லட்சம். அமெரிக்காவில் கணக்கு தலைகீழ். 1860இல் அங்கு சுமார் 39.5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். வந்தவர்களைப் போலப் பத்து மடங்கு. அவர்களில் ஆகப் பெரும்பாலோர் கப்பலையே கண்டறியாதவர்கள், அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். பிறந்த கணத்தில் அவர்களை அடிமையாக்கியது 1662இன் சட்டமும் அதைப் பார்த்து மற்றக் குடியேற்றங்கள் ஏற்றுக்கொண்ட அதே விதியும்தான்.

1776இல் எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தார். இதை எல்லாரும் சொல்வார்கள். 1820இல் அவர் எழுதிய கடிதம் ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு குழந்தை பெறும் பெண், பண்ணையின் மிகச் சிறந்த ஆணைவிட லாபமானவள் என்று அதில் எழுதுகிறார். அவள் தருவது மூலதனத்தோடு சேர்கிறது, ஆணின் உழைப்போ தின்றே தீர்ந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். அவருடைய வீட்டிலேயே அந்தக் கணக்கு நடந்தது. அவர் மனைவி மார்த்தாவின் தந்தைக்கு அடிமைப்பெண்ணிடம் பிறந்தவர் சாலி ஹெமிங்ஸ். அதாவது மனைவியின் தங்கை. சாலிக்கு ஜெஃபர்சனிடம் பிறந்த பிள்ளைகளில் நால்வர் பிழைத்து வளர்ந்தார்கள். தாயின் தாய்க்கும் ஆங்கிலேயரே தந்தை என்பதால் அந்தப் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டன் பாட்டிமார் எட்டுப் பேரில் ஏழு பேர் ஐரோப்பியர். ஆனாலும் அவர்கள் அடிமைகளாகவே பிறந்தார்கள்.

பதினான்கு வயதில் சாலி பாரிஸுக்குப் போயிருந்தார். பிரான்சில் மனுக் கொடுத்தால் விடுதலை கிடைக்கும். பிறக்கப்போகும் பிள்ளைகளை இருபத்தொரு வயதில் விடுவிப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டே திரும்பி வரச் சம்மதித்தார் என்று மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873இல் சொல்லியிருக்கிறார். தன் விடுதலையைக் கேட்காமல் பிள்ளைகளின் விடுதலையைக் கேட்டிருக்கிறார். அடிமை முறையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பது அந்தச் சிறுமிக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

1787இல் எழுதிய அரசியல் சட்டமும் இதற்கு உரம் போட்டது. மக்களவை இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டார்கள். அடிமைத் தாய்க்குப் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் தென் மாநிலங்களின் அரசியல் பலத்தை ஏற்றியது.

ஓனா ஜட்ஜ் கதைக்கு வருகிறேன். அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவரை எதிர்த்து நின்று வென்ற பெண் இவர். தாய் பெட்டி, ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னான் மாளிகையின் தையற்காரி, அடிமை. தந்தை ஆண்ட்ரூ ஜட்ஜ் இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தையற்காரர். அவருக்குக் கெடு முடிந்தது; கிளம்பிப் போய்விட்டார். மகள் அங்கேயே தங்கினாள், வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்தாக. ஓனா ஊசி வேலையில் கைதேர்ந்தவர். மார்த்தாவுக்கு உடுத்திவிடும் பணிப்பெண்.

வாஷிங்டன் குடியரசுத் தலைவரானதும் குடும்பம் முதலில் நியூயார்க்குக்கும் பிறகு பென்சில்வேனியாவின் பிலடெல்ஃபியாவுக்கும் போனது. பென்சில்வேனியா மாநிலச் சட்டப்படி, வெளியூர்க்காரர் கொண்டுவரும் அடிமை தொடர்ந்து ஆறு மாதம் அங்கு இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். அந்த ஆறு மாதம் நிறையாதபடி வாஷிங்டன் தன் வீட்டு அடிமைகளைச் சுழற்சி முறையில் மாநிலத்துக்கு வெளியே அனுப்பி அனுப்பி அழைத்துக்கொண்டார். 1796 மே மாதம், பேத்திக்கு ஓனாவைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தது. வர்ஜீனியாவுக்குக் கிளம்ப வீட்டில் எல்லாரும் மூட்டை கட்டியபோது தானும் மூட்டை கட்டியதாகவும், எங்கே போகிறோம் என்று தெரியாவிட்டாலும் வர்ஜீனியாவுக்குத் திரும்பினால் விடுதலையே கிடையாது என்று தெரிந்ததாகவும் பின்னாளில் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். நகரத்தின் கறுப்பின நண்பர்கள் வீட்டுக்குச் சாமான்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, குடும்பம் இரவு உணவுக்கு உட்கார்ந்திருந்தபோது வெளியேறினார்.

வீட்டு நிர்வாகி கொடுத்த பத்திரிகை விளம்பரம் இன்றும் இருக்கிறது. சுமார் இருபது வயது, மெலிந்த உடல், முகத்தில் நிறையப் புள்ளிகள், கன்னங்கரிய கண்கள், அடர்ந்த கூந்தல், நல்ல உடுப்புகள் பல வைத்திருக்கிறாள், பிடித்துத் தருபவருக்கு 10 டாலர். ஓடிப்போக அவளுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் பலமுறை படித்திருக்கிறேன். ஓட ஒரு காரணம் இருக்கும் என்று எழுதியவருக்கு நிஜமாகவே தோன்றவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்துக்குக் கப்பலில் போய்ச் சேர்ந்தார் ஓனா. வாஷிங்டன் தன் நிதியமைச்சர் வழியாக அந்தத் துறைமுகத்தின் சுங்க அதிகாரியைப் பிடித்தார். அதிகாரி ஓனாவைச் சந்தித்துப் பேசிவிட்டு, வாஷிங்டன் தம்பதியர் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று உறுதி தந்தால் திரும்பி வருவாள் என்று எழுதினார். அடிமையாக இருப்பவர் தலைவரோடு பேரம் பேசுவதா என்று வாஷிங்டன் மறுத்துவிட்டார். 1799இல் உறவினர் ஒருவரை அனுப்பிப் பார்த்தார். ஓனா அப்போது ஜாக் ஸ்டெயின்ஸ் என்ற கப்பல் தொழிலாளியை மணந்து குழந்தையோடு இருந்தார். செனட்டர் ஜான் லாங்டன் வீட்டிலிருந்து எச்சரிக்கை வரவே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒளிந்துகொண்டார்.

வாஷிங்டன் தன் உயிலில் தன் சொந்த அடிமைகளுக்கு விடுதலை எழுதினார். பாராட்டுகிறவர்கள் இதைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். ஓனா மார்த்தா வழிச் சொத்து என்பதால் அந்த உயில் அவரைத் தொடவில்லை. ஜாக் ஸ்டெயின்ஸ் சுதந்திரமான மனிதர். இருந்தும் ஓனா பெற்ற மூன்று பிள்ளைகளும் சட்டத்தின் பார்வையில் வர்ஜீனியாவில் இருந்த ஒரு குடும்பத்தின் உடைமைகள். ஓனா 1848இல் இறக்கும் வரை அந்த நிலை மாறவில்லை. வறுமையில் வாடிய கிழவியான அவரிடம், வாஷிங்டனை விட்டு வந்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை, நான் சுதந்திரமானவள் என்றார்.

வட மாநிலங்கள் அடிமை முறையை ஒழித்த விதத்திலும் தாய்வழி விதி ஒளிந்திருந்தது. பென்சில்வேனியாவின் 1780 சட்டம் உயிரோடிருந்த அடிமைகளை விடுவிக்கவில்லை. இனிமேல் பிறக்கும் பிள்ளைகள் 28 வயது வரை தாயின் எஜமானருக்கு உழைத்துவிட்டு விடுதலை பெறலாம் என்றது. நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் வயதை மட்டும் மாற்றி அதே வழியில் போயின. ஒரு தலைமுறையின் விடுதலைக்கு அடுத்த தலைமுறை இளமையைக் கொடுத்து ஈடு கட்டியது.

தெற்கில் 1793க்குப் பிறகு எல்லாம் மாறியது. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் எலி விட்னியின் இயந்திரம் பருத்தியைப் பொன் விளையும் பயிராக்கியது. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. அதை நல்ல சட்டம் என்றே பாடநூல்கள் சொல்கின்றன, நல்ல சட்டம்தான். ஆனால் வர்ஜீனியாவின் பெருமுதலாளிகளுக்கு அதனால் வலி இல்லை. புகையிலையால் சத்திழந்த நிலத்தை வைத்திருந்த அவர்களிடம் ஆள் மிகுதியாக இருந்தது, மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் ஆளுக்கு விலை இருந்தது. உள்நாட்டு வியாபாரம் தழைத்தது. அரை நூற்றாண்டில் சுமார் பத்து லட்சம் பேர் வர்ஜீனியா போன்ற மாநிலங்களிலிருந்து மிசிசிப்பி போன்ற ஆழ் தெற்கு மாநிலங்களுக்கு நகர்த்தப்பட்டார்கள், பலர் சங்கிலியில் பிணைக்கப்பட்டு நடந்தே. அலெக்சாண்ட்ரியாவின் டியூக் தெருவில் இருந்த வியாபாரிகளின் கொட்டடி, நாட்டின் தலைநகரிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

இந்த வியாபாரத்தில் தாய் தன் கண் முன்னே பிள்ளைகளை இழந்தாள். அடிமைகள் பலரைத் தப்பவைத்த ஹாரியட் டப்மனின் தாய் ரிட் அப்படி மூன்று மகள்களை இழந்தார். ரிட்டுக்கு 45 வயதானதும் விடுதலை என்று முந்தைய எஜமானர் ஒருவர் உயில் எழுதியிருந்தார். வாரிசுகள் அதை மறைத்துவிட்டார்கள். பிற்பாடு டப்மன் ஒரு வழக்கறிஞருக்கு ஐந்து டாலர் கொடுத்துப் பழைய உயில்களைத் தேடச் சொன்னபோதுதான் உண்மை தெரிந்தது. தந்தை பென் ராஸ் 1840இல் முறையாக விடுதலை பெற்றார். அதனால் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை. அந்த மனிதர் 1855இல் சொந்த மனைவியை 20 டாலர் கொடுத்து வாங்கினார். 1849இல் தப்பிய டப்மன் திரும்பத் திரும்பத் தெற்கே போய்ச் சுமார் 70 பேரைக் கூட்டிவந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய உறவினரும் தெரிந்தவர்களும். சிதறிப்போன குடும்பத்தைத்தான் அவர் முதலில் சேர்க்கப் பார்த்தார்.

1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் வடக்கிலும் பாதுகாப்பைப் பறித்தது. பிடிபட்டவரை அடிமை என்று தீர்த்தால் விசாரணை அதிகாரிக்குப் பத்து டாலர், விடுவித்தால் ஐந்து டாலர் கட்டணம். 1856 ஜனவரியில் உறைந்த ஒஹையோ ஆற்றின் மேல் நடந்து சின்சினாட்டிக்கு வந்து பிடிபட்ட மார்கரெட் கார்னர், தன் இரண்டு வயது மகளை மறுபடி அடிமையாக விடுவதற்குப் பதில் கழுத்தை அறுத்துக் கொன்றார். கொலை வழக்கில் நிறுத்தினால் ஒரு மனிதப் பிறவியைக் கொன்றவர் என்றாகும். அப்படி நிறுத்தவில்லை, ஓடிப்போன உடைமையாகவே எஜமானரிடம் திருப்பி அனுப்பினார்கள்.

டிரெட் ஸ்காட் வழக்கை ஒரு ஆணின் வழக்காகவே நாம் அறிந்திருக்கிறோம். 1846 ஏப்ரலில் மிசூரியின் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் விடுதலை கேட்டு இரண்டு மனுக்கள் தாக்கலாயின. ஒன்று டிரெட் ஸ்காட்டினுடையது, மற்றது அவர் மனைவி ஹாரியட்டினுடையது. இருவரும் அடிமை முறை தடை செய்யப்பட்ட ஸ்னெல்லிங் கோட்டையில் வாழ்ந்தவர்கள், அங்கேயே மணந்தவர்கள். மூத்த மகள் எலைசா மிசிசிப்பி ஆற்றில் ஒரு நீராவிக் கப்பலில், மிசூரி எல்லைக்கு வடக்கே பிறந்தாள். தாய்வழி விதிப்படி, ஹாரியட் சுதந்திரமானவர் என்று தீர்ந்தால் இரண்டு மகள்களும் சுதந்திரமானவர்கள். பெண் குழந்தைகள் வளர்ந்து விற்பனைக்குரிய வயதை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு இதைவிட அவசரம் என்ன இருக்க முடியும்? வசதிக்காக டிரெட்டின் வழக்கை மட்டும் நடத்தி அதே முடிவை ஹாரியட்டுக்கும் பொருத்துவது என்று வழக்கறிஞர்கள் ஒத்துக்கொண்டார்கள். 1857 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டேனி, வெள்ளையர் மதிக்க வேண்டிய எந்த உரிமையும் கறுப்பினத்தவருக்கு இல்லை என்ற எண்ணத்தோடுதான் நாடு உருவானது என்று தீர்ப்பெழுதினார். ஹாரியட்டின் வழக்கு தனியாக நடந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வடக்குக்கும் தெற்குக்கும் மூண்ட உள்நாட்டுப் போருக்குப் போகும் பாதை உங்களுக்குத் தெரிந்ததுதான், விரித்து எழுதவில்லை. 1861 மே 23 இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகு வலித்து வடக்குப் படையின் மன்ரோ கோட்டைக்கு வந்தார்கள். குடும்பத்தைப் பிரித்து வட கரோலினாவுக்குக் கொண்டுபோய்க் கொத்தளம் கட்டும் வேலையில் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததால் கிளம்பியிருந்தார்கள். 1619இல் ஒயிட் லயன் நங்கூரமிட்ட அதே பாயிண்ட் கம்ஃபர்ட் முனையில்தான் அந்தக் கோட்டை இருக்கிறது. அகழி சூழ்ந்த அதன் கல் மதிலின் மேல் நின்று எதிரே விரிந்த நீரைப் பார்த்தபோது, இருட்டில் அந்த நீரைக் கடக்க எவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அடிமைகளைத் திருப்பிக் கேட்டு எஜமானரின் ஆள் வெள்ளைக்கொடியோடு வந்தார், 1850இன் சட்டத்தைச் சுட்டிக்காட்டினார். பிரிந்துபோன வர்ஜீனியா தன்னை வெளிநாடு என்று சொல்லிக்கொள்கிறது, வெளிநாட்டுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்றார் தளபதி பெஞ்சமின் பட்லர். வழக்கறிஞராக இருந்தவர். எதிரியின் போருக்குப் பயன்படும் உடைமை என்ற கணக்கில் மூவரையும் வைத்துக்கொண்டார். செய்தி பரவியது. அடுத்த சில நாட்களில் ஆண்கள் மட்டும் வரவில்லை; மனைவியரும் கைக்குழந்தைகளும் வந்தார்கள். போர் உடைமை என்று குழந்தையை எப்படிச் சொல்வது? மே 27இல் பட்லர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்: தந்தை தாயின் உழைப்பை ஏற்றுக்கொண்டு பிள்ளைகளை ஏற்காமல் இருக்க முடியுமா? மனிதத்தன்மையைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமில்லை. அரசியலைப் பொறுத்தவரை முடிவு செய்ய எனக்கு உரிமையில்லை. அதற்குள் குடும்பங்கள் கோட்டைக்குள் வந்துவிட்டிருந்தன. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863இல்தான் வருகிறது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்த பெண்கள் அந்தக் கேள்வியைத் தளபதியின் மேசைமேல் வைத்துவிட்டார்கள்.

1865 டிசம்பரில் பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அடிமைகளின் திருமணத்துக்கு அதுவரை சட்டத்தில் இடமே இருந்ததில்லை. 1866 பிப்ரவரி 27 அன்று வர்ஜீனியா சட்டமன்றம், கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழும் முன்னாள் அடிமைகளின் திருமணங்கள் செல்லும் என்றது. அவர்களுடைய பிள்ளைகளைச் சட்டப்படியான பிள்ளைகள் என்று ஏற்றது. விடுதலை பெற்றோருக்கான அரசு அலுவலகம் மாவட்டவாரியாகப் பதிவேடு எழுதியது. கணவன் பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், கடைசி எஜமானர் பெயர். மனைவிக்கும் அதே விவரங்கள். சேர்ந்து வாழத் தொடங்கிய தேதி. பிள்ளைகளின் பெயரும் வயதும். சில மாவட்டங்களின் பதிவேடுகள் மிஞ்சியிருக்கின்றன. வர்ஜீனியா மாநில நூலகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது.

அதோடு இன்னொரு பதிவேடும் உண்டு. விற்கப்பட்டதாலோ, இறப்பாலோ, வேறு எதனாலோ சேர்ந்து வாழ முடியாமல் போன பெற்றோரின் பிள்ளைகளுக்கானது அது. தந்தை தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஆண்டு விடுதலை பெற்ற ஆண்கள் எழுத்தர் முன் வந்து நின்று, இது என் பிள்ளை என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள்.